சேர்த்த காமிக்ஸை விற்றுப் பிழைக்க முடியுமா?

பழுப்புத்தாள்:
இருபது வருடமாகச் சேர்த்தது, ஏறக்குறைய 2,300 இதழ்கள். பெரும்பாலும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த அமெரிக்க காமிக்ஸ். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்யலாமா என்று சில மாதங்களாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் அச்சு எது, மறுபதிப்பு எது என்று கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவேன். இவ்வளவு தெரிந்தும் சும்மா இருக்கிறோமே என்று ஒரு ஆதங்கம். தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

வரவுசெலவு:
வேண்டாம் நண்பரே. உங்களிடம் இருப்பது சேமிப்பு, அது சரக்கு ஆகாது. 2,300 இதழையும் விற்று முடித்த பிறகு என்ன செய்வீர்கள்? இந்தத் தொழிலில் வாங்குவதுதான் பெரிய வேலை, விற்பது அதற்கு அடுத்ததுதான். யாரோ ஒருவரின் சேகரிப்பை மொத்தமாக வாங்கினால், காசு தருகிற இதழ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி வருடக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

பழசு என்பதால் மட்டும் விலை ஏறிவிடாது. சூப்பர்மேன் முதலில் தோன்றிய, 1938-இல் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் ஏன் அரிது? படித்துவிட்டுத் தூக்கிப் போட்டார்கள், போர்க்காலத்தில் பழைய காகிதத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். 1992-இல் சூப்பர்மேன் இறந்துபோகும் 75-ஆம் இதழுக்கு நடந்தது நேர்மாறு. பின்னால் விலை ஏறும் என்று ஆளுக்குப் பல பிரதிகள் வாங்கி, இதழ் மூடி வந்த கறுப்புப் பையைப் பிரிக்காமலே பூட்டி வைத்தார்கள். எல்லாரும் பத்திரப்படுத்தியதால் இன்றும் அது தாராளமாகக் கிடைக்கிறது. அந்த ஊக வியாபாரம் சரிந்தபோது எத்தனையோ கடைகள் மூடின. மார்வெலே 1996 டிசம்பரில் திவால் மனு போட்டது.

மைலார்உறை:
வரவுசெலவு சார் சொன்ன வரலாறு சரி. அதை வைத்து இவரைத் தடுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அன்று விழுந்தவர்கள் புது இதழைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் குவித்தவர்கள். இவர் பழையதைப் பார்த்துப் பார்த்து வாங்கியவர்.

அமெரிக்க காமிக்ஸ் வியாபாரி சக் ரோசான்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல், 13 வயதில், பெற்றோர் வீட்டு நிலவறையில் விற்க ஆரம்பித்தவர். 1977-இல் எட்கர் சர்ச் என்பவரின் சேகரிப்பு அவர் கைக்கு வந்தது. கொலராடோவின் வறண்ட காற்று, இதழ்களை உயரமாக அடுக்கி வைத்திருந்த விதம், இரண்டும் சேர்ந்து தாளை வெள்ளையாகவே காப்பாற்றியிருந்தன. அது எப்பேர்ப்பட்ட சரக்கு என்று பார்த்ததும் புரிந்தது, ஏனென்றால் அவர் அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான இதழ்களைப் புரட்டியவர். அந்தக் கண் பழுப்புத்தாள் அண்ணாவுக்கும் இருக்கிறது. நான் ஆறு வருடமாக விற்கிறேன். முதல் மூன்று வருடம் வேலையை விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலாம்அலமாரி:
கண் இருந்தும் ஏமாந்தவன் நான். அறுபதுகளின் இதழ் ஒன்று, ஓரமெல்லாம் கத்தி மாதிரி நேராக, மூலைகள் கூர்மையாக இருந்தது. ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். தரமிடும் நிறுவனத்துக்கு அனுப்பினால், மறுசீரமைத்தது என்று ஊதா லேபிளோடு திரும்பி வந்தது. நைந்துபோன ஓரத்தை யாரோ வெட்டி நேராக்கியிருக்கிறார்கள். முதுகில் நிறம் போன இடத்தில் மையும் தொட்டிருக்கிறார்கள். மதிப்பில் பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது. இப்போது புற ஊதா விளக்கு இல்லாமல் எதையும் வாங்குவதில்லை. தொட்ட மை அதில் தனியாகத் தெரியும். அளவையும் இன்னொரு பிரதியோடு வைத்துப் பார்ப்பேன். சேகரிப்பவனாக ஏமாந்தால் நமக்கு மட்டும்தான் வருத்தம். வியாபாரியாக அதே இதழை இன்னொருவரிடம் விற்றிருந்தால்?

வரவுசெலவு:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இதைவிடச் சங்கடமானதும் உண்டு. கணவர் இறந்துபோய், அவர் சேர்த்த பெட்டியோடு ஒரு அம்மா வருகிறார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். என்ன விலை சொல்வீர்கள்? உங்கள் அறிவு லாபமாக மாறுகிற இடமே அதுதான். எனக்கு அது பிடிக்கவில்லை.

மைலார்உறை:
எனக்கு அப்படி இரண்டு முறை நடந்தது. பெட்டியைத் திறந்து, முக்கியமான இதழ்களைத் தனியாக எடுத்து வைத்து, இது சந்தையில் இவ்வளவுக்குப் போகும், நான் அதில் பாதி தர முடியும், பொறுமை இருந்தால் நீங்களே ஏலத்தில் விடலாம் என்று சொன்னேன். ஒருவர் ஏலத்துக்குப் போனார். இன்னொருவர் என்னிடமே விற்றார், அப்புறம் அவருடைய உறவினர் ஒருவரையும் அனுப்பி வைத்தார். பாதி என்பது கொள்ளை இல்லை. கமிஷன், தரமிடும் கட்டணம், அனுப்பும் செலவு, விற்காமல் தங்கும் மாதங்கள் எல்லாம் மறு பாதியில்தான் அடங்க வேண்டும். மறைத்து வாங்குவதுதான் தப்பு.

வரவுசெலவு:
நீங்கள் அப்படிச் செய்வது மதிக்கத்தக்கது. வாடகை கட்ட வேண்டிய மாதத்திலும் எல்லாரும் அப்படியே இருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. வேலையை விட வேண்டாம் என்பதற்கு எனக்கு இதுதான் பெரிய காரணம்.

பழுப்புத்தாள்:
அந்த அம்மாவின் பெட்டி பற்றி நான் யோசித்ததே இல்லை. ராத்திரி தூங்க முடியவில்லை. இன்னொன்றும் புரிந்தது. விற்க என்று எடுத்து வைத்த ஒவ்வொரு நல்ல பிரதியையும் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன். சரி, வேலையை இப்போது விடவில்லை. இரண்டு பிரதி உள்ளவற்றை மட்டும் விற்றுப் பார்க்கிறேன். 300-க்கு மேல் தேறும்.

மைலார்உறை:
எண்ணும்போதே ஒவ்வொன்றின் நிலையையும் எழுதிவிடுங்கள் அண்ணா. முதுகு மடிப்பு, தாள்களைச் சேர்க்கும் கம்பிப் பின்னில் துரு, நடுத்தாள் இருக்கிறதா என்று. 1974 முதல் 1976 வரை வந்த மார்வெல் இதழ்களில் கடிதப் பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். வாசகர்கள் வெட்டிச் சேர்ப்பதற்கென்று அதில் ஒரு முத்திரை அச்சிட்டிருப்பார்கள், பலர் வெட்டியும் எடுத்திருப்பார்கள். வால்வரின் என்ற கதாபாத்திரம் முழுமையாக முதலில் வந்த ஹல்க் 181-ஆம் இதழ் இப்படித்தான் நிறைய வீணாகியிருக்கிறது.

பழுப்புத்தாள்:
என்னிடம் அந்த இதழ் இரண்டு இருக்கிறது. இப்போதுதான் திறந்து பார்த்தேன். ஒன்றில் முத்திரை இல்லை. பதினோரு வருடமாக அது முழுசு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.