எல்லாம் தெரிந்த பையன், அப்புறம் ஏன் இப்படி?

மாலைநேரம் கேட்கிறார்:

வணக்கம். வீடில்லாத இளைஞர்கள் வந்து போகும் ஒரு பகல்நேர மையத்தில் எட்டு மாதமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். போதைப்பொருள் பற்றியும் பாலியல் நலம் பற்றியும் வாரம் ஒரு வகுப்பு எடுப்பேன். அங்கே ஒரு பையன், வயது 19. காப்பகத்தில் வளர்ந்தவன், 18 முடிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு வகுப்பையும் விடமாட்டான். பிளக் பக்கத்து நாற்காலியில் போனை சார்ஜில் போட்டுவிட்டு உட்காருவான். எச்.ஐ.வி எப்படிப் பரவும் என்று கேட்டால் முதலில் கை தூக்குவது அவன்தான்.

போன வாரம் பரிசோதனையில் அவனுக்கு சிபிலிஸ் என்ற பால்வினைத் தொற்று இருப்பதாக வந்தது. மெத் (தூக்கத்தை விரட்டும் ஒரு போதைப்பொருள்) எடுப்பதையும் அப்போதுதான் சொன்னான். "எல்லாம் தெரியும்தானே, அப்புறம் ஏன்?" என்று கேட்டுவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் சார்ஜரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போனான். இன்னும் வரவில்லை. வகுப்பில் நான் எதைச் சொல்லாமல் விட்டேன்?

இரவுப்பணி:

நீங்கள் எதையும் விடவில்லை. அவனுக்குப் பாடம் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தெருவில் தங்கும் இளைஞர்களை ராத்திரியில் தேடிப் போய்ப் பார்க்கும் வேலையில் 11 வருடமாக இருக்கிறேன். முதலில் நானும் "என்ன எடுக்கிறாய், எவ்வளவு எடுக்கிறாய்" என்றுதான் ஆரம்பிப்பேன். இப்போது முதல் கேள்வி "நேற்று ராத்திரி எங்கே படுத்தாய்?" என்பதுதான். மற்றதெல்லாம் தானாக வரும்.

வெளியில் படுத்தால் பை போகும், செருப்பு போகும், இருட்டில் யாராவது மேலே கை வைப்பார்கள். விடியும்வரை கண் மூடாமல் இருக்க மெத் உதவுகிறது என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிலைமையில் ஒருவர் "வா, என் அறையில் படுத்துக்கொள்" என்று கூப்பிடுவார். பெரும்பாலும் வயதில் மூத்தவர். படுக்கையும் அவருடையது, போதைப்பொருளும் அவருடையது. அங்கே ஆணுறை வேண்டும் என்று வாய் திறந்தால் நடுராத்திரியில் மறுபடி தெருவுக்கு வர வேண்டும். நீங்கள் கொடுத்த ஆணுறை அன்றைக்கு அவன் சட்டைப்பையிலேயே கூட இருந்திருக்கலாம். பையன்களுக்கு இதெல்லாம் நடக்காது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள்.

இதன் வேர் பல வருடங்களுக்கு முன்பே விழுந்திருக்கும். 1998இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, அன்டா என்ற மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடி என நான்கு வகையோ அதற்கு மேலோ பார்த்தவர்களுக்கு, எதையும் பார்க்காதவர்களைவிடக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு இருந்தது. பாலியல் தொற்று 2 முதல் 4 மடங்கு. இரண்டும் ஒரே இடத்திலிருந்து முளைக்கின்றன. நாம்தான் ஒன்றுக்கு ஒரு வகுப்பு, இன்னொன்றுக்கு இன்னொரு வகுப்பு என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

சரி, இப்போது அவசரமானது சிகிச்சை. சிபிலிஸ் ஆரம்ப நிலையில் பென்சிலின் ஊசி ஒன்றிலேயே குணமாகும். எச்.ஐ.வி பரிசோதனையும் செய்ய வேண்டும். பாதுகாப்பில்லாத உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்தால் எச்.ஐ.வி வராமல் தடுக்கும் 28 நாள் மருந்து தொடங்கலாம். அவன் வந்ததும் பாடம் நடத்தாமல் இதை மட்டும் சொல்லுங்கள்.

ஜன்னலோரம்:

நானும் அந்த வயதில் அப்படி இருந்தவள்தான். இப்போது 31. ஒரு மையத்தில் இருந்த செவிலியர் அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு லாக்கர் சாவியைக் கையில் கொடுத்து, "பையை இதில் வைத்துக்கொள்" என்றார். அதுவரை பை வாரைக் காலில் சுற்றிக்கொண்டு, ஷூவைக் கழற்றாமல்தான் தூங்குவேன். மூன்று வாரம் கழித்து நானாகவே போய், என்ன எடுக்கிறேன், யார் வீட்டில் இருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அந்த வீட்டை விட்டு வர அதற்குப் பிறகும் ஒரு வருடம் ஆனது.

"ஏன்" என்ற கேள்வியைக் காப்பகத்தில், காவல் நிலையத்தில், மருத்துவமனையில் எல்லா இடத்திலும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். உங்கள் பையனுக்கும் அது காதில் வேறு மாதிரி விழுந்திருக்கும்.

மாலைநேரம்:

இரண்டு பேருக்கும் நன்றி. படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. வகுப்பு முடிந்த பிறகும் அவன் அந்த நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பான். மையம் மூடும் நேரம் என்று எட்டு மாதமும் அவனைத் தட்டி எழுப்பி அனுப்பியது நான்தான்.

லாக்கர் பற்றி இன்று பொறுப்பாளரிடம் கேட்டேன். காலியாக இரண்டு இருக்கின்றன, ஒன்றை அவனுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். ஊசி போடும் இடம், நேரம், நான் கூட வருகிறேன் என்பது, அப்புறம் அன்று அப்படிக் கேட்டதற்கு மன்னிப்பு, எல்லாம் எழுதி அவனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று போனில் காட்டுகிறது. பதில் இன்னும் இல்லை.