புதுப்பிப்பு: கீழே விழுந்த லேப்டாப், கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது

காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும்போது பை நழுவி லேப்டாப் விழுந்தது, அதிலிருந்து நீலத்திரை காட்டி அணைந்துவிடுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். வேலூர் வெயிலில் சூடாகியிருக்கும் என்றார்கள் சிலர். அது காரணமில்லை. ராத்திரி ஏசியிலும் அணைந்தது.

நான் முதலில் சந்தேகப்பட்டது ஹார்ட் டிஸ்கை. சுழலும் தட்டு உள்ள பழைய வகை, ஓடும்போது விழுந்தால் தரவைப் படிக்கும் தலை தட்டில் உரசிவிடலாம். அதனால் முதல் வேலையாகக் கோப்புகளை நகல் எடுத்தேன். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் ரீஅலொகேட்டட் (கெட்டுப்போய் மாற்றப்பட்டவை), பெண்டிங் (கெட்டிருக்குமோ என்று சந்தேகத்தில் உள்ளவை) செக்டர் இரண்டுமே 0. சரி, அது தப்பித்தது.

அப்புறம் ரேமை (தற்காலிக நினைவகம்) சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற மென்பொருளை பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் திரை பூராவும் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். ரேம்தான் போச்சு என்று புதிதாக வாங்கக் கிளம்பிவிட்டேன், நல்லவேளை வாங்கவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, இரண்டு ரேமையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். முதல் ஸ்லாட்டில் எதை மாட்டினாலும் பிழையே இல்லை. இரண்டாவதில் எதை மாட்டினாலும் பிழை. மடியில் வைத்தால் மட்டும் உடனே அணைந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது: அடிப்பக்கம் அழுந்தும்போது அந்த ஸ்லாட்டின் பற்றவைப்பு விட்டுப்போகிறது.

கடையில் மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இப்போது ஒரே 8 ஜிபி ரேமில் ஓடுகிறது. கொஞ்சம் மந்தம்தான், ஆனால் நாலு நாளாக ஒருமுறைகூட அணையவில்லை.