சங்கச் செய்திக்கு எந்தத் தளம்? என் கருத்து

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஊரில் தோட்டப் பிள்ளைகளின் படிப்புக்காக நம் சங்கம் நடத்தும் கல்வி நிதியின் செய்திகளைச் சொல்ல இன்ஸ்டகிராம் தொடங்கலாம் என்று லண்டன் தங்கச்சி எழுதியிருந்தார். டிக்டொக்தான் வேகமாகப் போகும் என்கிறார் ரொறொன்ரோ அண்ணன். காசு தருகிறவர்கள் நாம், வெளிநாட்டில் இருக்கிறோம். விண்ணப்பிக்க வேண்டிய பிள்ளை இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குச் செய்தி போய்ச் சேராவிட்டால் நாம் சேர்க்கும் காசுக்குப் பயனில்லை.

தோட்டத்தில் பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அதுவும் கொழும்பில் கடையில் நிற்கும் மகனிடம் இருக்கும். வீட்டில் இருந்தால் மூத்த பிள்ளையின் கையில். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும் அம்மா, "என்ன வந்திருக்கு, வாசி" என்று அந்தப் பிள்ளையிடம்தான் கேட்பார். லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், சிக்னல் விழாத இடத்தில் கோயில் வாசல்வரை ஏற வேண்டும். டேட்டாவும் பார்த்துப் பார்த்துப் போடுவதுதான். இப்படியிருக்க நான்கு பக்க பிடிஎப் அனுப்பி என்ன பயன்? ஒரு நிமிடக் குரல்பதிவு போதும்: யார் விண்ணப்பிக்கலாம், என்ன கடிதம் வேண்டும், எந்தத் திகதிக்குள், யாரிடம் கொடுப்பது. அடுப்படியில் வைத்துப் போட்டால் வீடே கேட்கும், பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கும் கேட்கும்.

அதனால் என் தெரிவு வட்ஸ்அப். ஆனால் குழு வேண்டாம், 2023இல் வந்த சனல் வசதி; அதில் நடத்துகிறவர்கள் அறிவித்தல் போட மற்றவர்கள் பார்ப்பார்கள். குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்பது நமக்குப் பெரிய பிரச்சினையில்லை. எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரிவதுதான் பிரச்சினை. சாதாரண தரம் படிக்கும் பெண் பிள்ளைகளின் இலக்கத்தை முன்பின் தெரியாதவர்கள் கையில் கொடுக்க நமக்கு என்ன உரிமை? சனலில் சேர்கிறவர்களின் இலக்கம் மற்றவர்களுக்குத் தெரியாது. அங்கே குழுவில் போல எல்லோரும் பேச முடியாது என்பதால், ஊரில் ஒருவரின் இலக்கத்தை அவர் சம்மதத்துடன் ஒவ்வொரு அறிவித்தலிலும் சேர்க்க வேண்டும்.

டிக்டொக் நம் இளைஞர்களிடம் நன்றாகப் போகிறது, உண்மை. ஆனால் இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தால் தமிழ்நாட்டில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் போன சொந்தங்களும் நம் சங்கத்தில்தானே இருக்கிறார்கள். இந்தியாவில் 2020 யூனிலிருந்து டிக்டொக்குக்குத் தடை. டுபாயில் வேலை செய்யும் நம் அக்காமாருக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுக்க முடியாவிட்டாலும் குரல்பதிவு போகும்.

பேஸ்புக் பக்கம் நமக்காக இருக்கட்டும். வரவு செலவு, கூட்ட அறிவித்தல், பழைய பள்ளிக்கூடப் படங்கள் எல்லாம் அங்கே. இன்ஸ்டகிராம் இப்போதைக்கு வேண்டாம், பார்த்துக்கொள்ள ஆளில்லை.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புத்தகப்பையோடு பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்து, பெயரும் வறுமையும் எழுதிப் போடக் கூடாது. பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். புத்தகக் கட்டையும் பற்றுச்சீட்டையும் படமெடுத்துப் போடுவோம். அது போதாது என்கிறவர்களிடம் நான் பேசுகிறேன்.

2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் நடந்த திகன கலவரத்தின்போது இலங்கை அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நிறுத்தியது. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகும் அப்படித்தான். ஆகவே கோயில் பலகையில் ஒரு அறிவித்தல் ஒட்டுவதையும், தோட்டத் தலைவர்மாருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதையும் விடக்கூடாது.

சனலை நடத்த இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கட்டாயம் ஊரில் இருப்பவராக. வெளியிலிருந்து நான் வருகிறேன். ஊரில் யாரைக் கேட்கலாம் என்று அடுத்த கூட்டத்துக்கு முன் எழுதுங்கள்.

அன்புடன்,
மிசிசாகாவிலிருந்து உங்கள் சகோதரி