சாரல்ல சோர்ந்து கிடக்கும் நில ஆமை: டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் என்ன செய்யலாம்?

சாரல்வாசி (செங்கோட்டை):
சல்காட்டாங்கிற ஆப்பிரிக்க நில ஆமைக் குட்டி, 410 கிராம். சாரல் பிடிச்சதிலிருந்து தீனியில நாட்டமில்ல. இப்ப கண்ணையும் திறக்கிறதில்ல. மூக்கு ஒழுகல, வாய் மூடித்தான் இருக்கு, ஓடு கெட்டி. கண்ணாடித் தொட்டி, அடியில மணல். ராத்திரி தொட்டிக்குள்ள 23 டிகிரி. வெள்ளையா, நறநறன்னு மணல் மாதிரி ஒண்ணு கழியுது. கீரையை அரைச்சு சிரிஞ்சுல ஊட்டலாமா? கண்ணுக்கு வைட்டமின் ஏ சொட்டு விடச் சொல்றாங்க. ஈரம் ஆகாதுன்னு தண்ணியில விடுறதை நிறுத்தியாச்சு. டாக்டரைப் பார்க்க ரெண்டு நாள் ஆகும்.

மேக்கரை:
தம்பி, சிரிஞ்சை எடுத்து உள்ள வைங்க. முதல்ல சூடு, அப்புறம் தண்ணி, கடைசியாத்தான் தீனி. 23 டிகிரியில ஆமைக்குக் குடல் ஓடாது. அந்த நிலைமையில ஊட்டினா தீனி உள்ளேயே கிடந்து புளிச்சு வாயு கட்டும். பிடிச்சு ஊட்டும்போது மூச்சுக்குழல்ல இறங்கிட்டா அதைவிடக் கெடுதல்.

மணலை இன்னைக்கே அள்ளிடுங்க, செய்தித்தாள் விரிச்சா போதும். என்ன கழியுதுன்னும் கண்ணுக்குத் தெரியும். 60 வாட் செராமிக் ஹீட்டர் ஒண்ணு, பீங்கான் ஹோல்டர்ல (பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிடும்), ஓட்டுக்கு மேல ஒரு அடி உயரத்துல தொங்கவிடுங்க. தெர்மோஸ்டாட் முனையை ஓட்டு மட்டத்துல வைக்கணும். தொட்டிச் சுவர்ல ஒட்டினா அது காட்டுறது சுவரோட சூடு. ஹீட்டர் பக்கம் 32, மறுகோடி 28. ராத்திரியும் 28-க்குக் கீழ விடாதீங்க. 23-லிருந்து ஒரே அடியா ஏத்தாம ரெண்டு மூணு மணி நேரத்துல ஏத்துங்க. செராமிக்ல வெளிச்சம் வராது, அதனால பகல்ல 12 மணி நேரம் தனியா ஒரு விளக்கு எரியணும். இருட்டிலேயே கிடந்தா சூடு சரியா இருந்தாலும் வாயைத் திறக்காது. அடியில வைக்கிற ஹீட்டிங் பேடு வேண்டவே வேண்டாம், அடி ஓடு வெந்தாலும் அது நகராமக் கிடக்கும்.

உடம்பு சூடான பிறகு ஊற வைங்க. உள்ள இருந்து பார்த்தா வெளிய தெரியாத பிளாஸ்டிக் பேசின், 32 டிகிரி தண்ணி, மேல் ஓடும் அடி ஓடும் சேர்ற விளிம்பு வரைக்கும். தலை தொங்கினா தாடைக்கு அடியில துணியைச் சுருட்டி வைங்க. காலைல 20 நிமிஷம், நாலு மணிக்குள்ள இன்னொரு 20 நிமிஷம். பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. பாதியில தண்ணி ஆறிடும், வெந்நீரைக் கலக்கணும்னா ஆமையை வெளிய எடுத்துட்டுக் கலங்க. உள்ளேயே கழிஞ்சா உடனே தண்ணியை மாத்துங்க, அதைத்தான் குடிக்கும். துடைச்சிட்டு நேரா சூட்டுக்குக் கீழ.

அந்த வெள்ளை யூரேட்தான், ஆமை சிறுநீரோட வெளியேத்துற கழிவு. பற்பசை மாதிரி குழைவா வந்தா கவலையில்ல. நறநறன்னு வந்தா உடம்புல நீர் வத்திப்போச்சு, அப்படியே விட்டா சிறுநீர்ப்பையில கல்லாயிடும். கண் திறக்காததுக்கும் பெரும்பாலும் இதே குளிரும் நீர்வறட்சியும்தான் காரணம். கீரை தின்னு வளர்ற நில ஆமைக்கு வைட்டமின் ஏ குறைபாடு அபூர்வம். அது தண்ணி ஆமையில பார்க்கிற வியாதி. வைட்டமின் ஏ கூடுதலா ஏறிட்டா கழுத்து, கால் தோலெல்லாம் உரிஞ்சு புண்ணாகும்.

கொல்லம்ரோடு:
மேக்கரை அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா ஊற வைக்கிறதைக் குறைச்சா என்ன? சல்காட்டா பாலைவன ஆமை. நம்ம சாரல் ஈரமே அதுக்கு ஜாஸ்தி. உலர்த்தியா வச்சாத்தான் சளி பிடிக்காது.

மேக்கரை:
இந்த எண்ணத்தாலதான் நிறைய குட்டி சாகுது. சஹாரா ஓரத்து ஆமைதான், ஆனா வெயில் நேரத்துல அது கிடக்கிறது ஆழமான வளையில, அங்க மண்ணு ஈரம். குட்டிக்கு ஈரமும் வேணும், சூடும் வேணும். நெஞ்சுல சளி கட்ட வைக்கிறது ஈரமும் குளிரும் சேர்ந்த கூட்டு. இதுல ஈரம் மட்டும் குத்தவாளி இல்ல. நனைஞ்ச சிமெண்ட் தரையும் 23 டிகிரியும் சேர்ந்தாத்தான் வினை.

குண்டாறு:
டாக்டர் விஷயத்துல ரெண்டு சொல்லணும். ஆடு மாடு மட்டும் பார்க்கிற இடமா இருந்தா, ஐவர்மெக்டின்ங்கிற பூச்சி மருந்து போடக் கூடாதுன்னு நீங்களே முன்கூட்டிச் சொல்லிடுங்க. ஆமைக்கு அது நஞ்சு, உயிரே போகும். ஊசி போடறதுன்னா முன்னங்கால் பக்கம். திருநெல்வேலி ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. போறதுக்கு முன்னாடி ஊர்வன பார்க்கிறவங்க இருக்காங்களான்னு போன் பண்ணிக் கேளுங்க. ஆன்டிபயாடிக் குடுத்தாலும் சூடு இல்லாத உடம்புல அது வேலை செய்யாது, ஊசி போட்டாச்சேன்னு ஹீட்டரை அணைச்சிடாதீங்க.

வாயைத் திறந்து மூச்சு விடுறது, மூக்குல குமிழி, கழுத்தை நீட்டி நீட்டி இழுக்கிறது, அடி ஓடு சிவக்கிறது, தூக்கினா காலை உள்ள இழுக்காமத் தொங்கவிடுறது, இதுல ஒண்ணு வந்தாலும் ரெண்டு நாள் காத்திருக்காதீங்க. ஆமைக்கு நம்மள மாதிரி இருமி சளியை வெளிய தள்ளத் தெரியாது, உள்ளேயே தேங்கும்.

புளியரை தாண்டிக் கேரளாப் பக்கம் கொண்டு போறதா இருந்தா பதிவுச் சான்றைக் கையில வச்சுக்கோங்க. சல்காட்டா சைட்டிஸ்ங்கிற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தோட 2-ம் பட்டியல்ல இருக்கு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதிஞ்சிருக்கணும். ஓட்டுல மஞ்சள் நட்சத்திரக் கோடு இருந்தா அது சல்காட்டாவே இல்ல. நம்ம நாட்டு நட்சத்திர ஆமையை வளர்க்கிறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், வனத்துறைகிட்ட ஒப்படைக்கணும்.

சாரல்வாசி:
ஓடு வெறும் பழுப்பு, தொடையில முள் இருக்கு, சல்காட்டாதான். இங்க காத்தடிச்சா கரண்ட் போயிடும் அண்ணே. ராத்திரி போச்சுன்னா என்ன பண்றது? எப்ப தீனி குடுக்க ஆரம்பிக்கலாம்?

மேக்கரை:
மீன்கடையில தெர்மாகோல் பெட்டி வாங்கி நல்லாக் கழுவி, மூடியில விரல் பருமன்ல ஏழெட்டு ஓட்டை போடுங்க. ஒரு லிட்டர் பாட்டில் ரெண்டுல வெந்நீர் ஊத்தி, துண்டு சுத்தி, ஒரே பக்கமா வைங்க. மறுபக்கம் ஆமை ஒதுங்க இடம் வேணும். மீன்தொட்டிக்கு விக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு உள்ள இருக்கட்டும், 28-க்கு இறங்கினா பாட்டிலை மாத்துங்க. டாக்டர்கிட்ட கொண்டு போறதுக்கும் இதே பெட்டிதான். இதுக்குள்ள பல்பு, ஹீட்டர் எதுவும் வைக்காதீங்க, தீப்பிடிக்கும்.

கண்ணைத் திறந்து, தலையைத் தூக்கி, தானா நடந்தா தீனி வைங்க. முதல் தீனியா செம்பருத்திப் பூ. சிவப்பைப் பார்த்தா சோர்ந்த ஆமையும் வாயைத் திறக்கும். பிறகு செம்பருத்தி இலை, மல்பெரி இலை, அருகம்புல், முள் சீவின சப்பாத்திக்கள்ளி. தண்ணி தெளிச்சு ஈரமா வைங்க. மருந்தடிச்ச வரப்புப் புல் வேண்டாம். பசலை, வாழைப்பழம், பால்சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். ஆட்டுக்குப் போடுற சூபாபுல்லும் ஆகாது. கணவாய் ஓட்டைச் சுரண்டி வாரம் ரெண்டு தடவை ஒரு சிட்டிகை தூவலாம். வெயில் எட்டிப் பார்த்தா அரை மணி வெளிய விடுங்க, பாதி நிழல் இருக்கணும். கண்ணாடித் தொட்டியோட வெயில்ல வச்சா உள்ள வெந்துடும்; ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில்ல, ஆமைக்குத் தேவையான யுவிபி புற ஊதாக் கதிர் வராது.

எடையைத் தினமும் காலைல, ஊற வைக்கிறதுக்கு முன்னாடி சமையல் தராசுல பார்த்து எழுதுங்க. ஒரு தடவை கழிச்சாலே 10, 15 கிராம் இறங்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம். சேர்ந்தாப்ல மூணு நாள் இறங்கினா, சூடும் சரியா இருந்தா, அந்தத் தாளோட டாக்டர்கிட்ட போங்க. குழாய் வச்சு ஊட்டணுமான்னு அவர்தான் முடிவு பண்ணணும்.