மறு: பேஸ் கிட்டார் தந்திகள் – ரவுண்ட்வூண்ட், பிளாட்வூண்ட் தமிழில் எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

> ரவுண்ட்வூண்ட் = வட்டச் சுருள் நரம்பு
> பிளாட்வூண்ட் = தட்டைச் சுருள் நரம்பு

பேஸ் கிட்டாரின் இரு வகைத் தந்திகளுக்கு இந்த இழையில் முன்மொழிந்த இவை இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நரம்பு யாழுக்குப் பொருந்தும், அழகான சொல். ஆனால் வீணைக்காரர்கள் இன்றும் புழங்குவது தந்தி. பேஸுக்கும் அதுவே போதும். 'சுருள்' என்றால் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் கண்முன் வருகிறது. 'தட்டை' இன்னும் சிக்கல். தந்தியே தட்டையாக இருக்கும் என்று முதன்முதலாக வாங்கப் போகிறவர் நினைத்துக்கொள்வார். தட்டையாக இருப்பது மேலே சுற்றிய கம்பி மட்டும்தான்.

நேற்று இரவு பேஸின் பழைய ஈ (E) தந்தி ஒன்றை நறுக்கிப் பிரித்துப் பார்த்தேன். நடுவில் அறுகோண எஃகுக் கம்பி. அதன் விளிம்புகள் கவ்விப் பிடிப்பதால்தான் மேற்சுற்று நழுவுவதில்லை. வெளியே நெருக்கமாகச் சுற்றிய உருண்டைக் கம்பி. நகத்தை நெடுக இழுத்தால் அரத்தில் உரசுவதுபோல் கரகரக்கிறது. பிளாட்வூண்டில் அதே இடத்தில் ரிப்பன் மாதிரி ஒரு பட்டை; விரல் வழுக்கிக்கொண்டு போகிறது.

பட்டுச் சேலைச் சரிகையை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக் கம்பியை நசுக்கிப் பட்டையாக்கி நூலின்மேல் சுற்றுகிறார்கள். வேலை ஒன்றேதான். எனவே பிளாட்வூண்டுக்கு பட்டைச்சுற்று. மற்றதற்கு முதலில் 'உருட்டுச்சுற்று' என்று எழுதிப் பார்த்தேன். இன்றைய பேச்சில் உருட்டு என்றால் கதைவிடுவது. அதனால் உருளைச்சுற்று.

> இவ்வளவு நுணுக்கம் தேவையா?

தேவை. காதில் கேட்கும் வேறுபாடு அது. அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனப் பாடல்களில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த அந்தக் கனத்த, மொத்தென்ற ஒலி பட்டைச்சுற்றில் பிறந்தது. தந்தி அறுந்தால் தவிர அவர் மாற்றுவதில்லை என்பார்கள். தி ஹூ என்ற ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலின் கணீரொலி உருளைச்சுற்றினுடையது. ஜாஸ் பேஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸ் பிரெட் (வீணையின் மெட்டு போன்ற குறுக்குக் கம்பி) இல்லாத பேஸில் உருளைச்சுற்றுதான் கட்டினார். அது மரத்தை அரிக்கும் என்பதால் விரற்பலகைக்குப் படகில் பூசும் எபாக்சி என்ற கெட்டிப் பிசினைப் பூசிக்கொண்டார். கலைச்சொல் சரியாக இருந்தால் இந்தக் காரணமெல்லாம் சொல்லிலேயே பாதி புரிந்துவிடும்.

மூன்றாவது வகையான ஹாஃப்ரவுண்டுக்கு 'அரைவட்டச் சுற்று' வேண்டவே வேண்டாம். உருண்டைக் கம்பியைச் சுற்றிவிட்டு, பிறகு மேற்புறத்தைத் தேய்த்துச் சமமாக்குகிறார்கள். செய்முறையை வைத்தே தேய்சுற்று எனலாம். 'இழைசுற்று' என்றும் யோசித்தேன், தச்சர் இழைப்பதுபோல. ஆனால் இழை என்றால் நூல் என்றே படிப்பார்கள்.

தந்தியின் தடிமனைக் குறிக்கும் கேஜுக்குப் பருமன் போதும், புதுச்சொல் வேண்டாம். 45–105 என்றால் மெல்லிய தந்தி 0.045 அங்குலம், தடித்தது 0.105 அங்குலம். தந்தி அதிரும் நீளம் 34 அங்குலமாக உள்ள பேஸில் புதிதாகக் கற்பவருக்கு உருளைச்சுற்றில் இந்தப் பருமனையே சொல்வேன். பட்டைச்சுற்று பெரும்பாலும் விறைப்பாக இருக்கும், விலையும் கூடுதல். ஆனால் இரவில் ஹெட்போன் ஆம்ப்பில் (ஹெட்போனில் மட்டும் கேட்க உதவும் ஒலிபெருக்கியில்) பயிற்சி செய்கிறவருக்கு ஒன்று தெரிய வேண்டும்: விரல் நகரும்போது எழும் கீச்சொலி உருளைச்சுற்றில் காதுக்குள்ளேயே கேட்கும். என் மகள் அதற்காகவே பட்டைச்சுற்றுக்கு மாறினாள்.

ஹெட்போன் ஆம்ப், மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி) இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேட தனி உரையாடல் இழை தொடங்கலாம். இந்த மூன்று சொற்களுக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் நம் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.