தொடக்கப் பள்ளியில் மனநலத்துக்கு என்று தனி பீரியட் வேண்டுமா?

இரண்டாம்வகுப்பு டீச்சர்:
டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தொடக்க விழாவுக்குத் தலாய் லாமா வந்திருந்தார். நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை கொண்டுவந்தார்கள், ஒன்றாம் வகுப்பிலிருந்து தினமும் ஒரு பீரியட். கொஞ்ச நேரம் மூச்சைக் கவனித்து உட்காருவது, ஒரு கதை, அதைப் பற்றிப் பேச்சு, சேர்ந்து செய்ய ஒரு செயல்பாடு. பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. நம் தொடக்கப் பள்ளிகளிலும் இதற்கென்று டைம் டேபிளில் ஒரு நேரம் வேண்டும் என்கிறேன்.

போன வாரம் என் வகுப்பில் ஒரு பையன் ரப்பருக்காகப் பக்கத்தில் இருந்தவனை அடித்துவிட்டான். ஏன் அடிச்ச என்று கேட்டால் பதில் வராது, அதனால் "அடிக்கிறதுக்கு முன்னாடி உனக்கு எப்படி இருந்துச்சு" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு "காது சுட்டுச்சு டீச்சர்" என்றான். உடனே இன்னொரு பிள்ளை தனக்கு வயிறு இறுக்கும் என்றது, இன்னொன்று கை நடுங்கும் என்றது. இப்போது அந்தப் பையன் சில நாள் "காது சுடுது டீச்சர்" என்று என்னிடம் ஓடி வருகிறான், சில நாள் அடித்துவிட்டுத்தான் வருகிறான். ஏழு வயதில் இது சின்ன விஷயம் இல்லை, ஆனால் இதைச் சொல்லித்தர எனக்கு ஒதுக்கிய நேரம் எதுவும் இல்லை, கணக்குப் பாடத்தில் திருடித்தான் செய்கிறேன்.

ஈராசிரியர்பள்ளி ஹெச்.எம்.:
டீச்சர், உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் நான் முழுக்க எதிர்க்கிறேன். எங்களுடையது ஐந்து வகுப்பு, இரண்டு பேர். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது, அதில் ஒருவர் பயிற்சிக்கோ பள்ளி விவரங்களை எமிஸ் இணையதளத்தில் ஏற்றும் வேலைக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருவன்தான்.

பிள்ளையின் மனசைப் பற்றிப் பேசுகிறோம் இல்லையா, அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை, கற்ற அளவை வைத்து, அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலையாகப் பிரித்து உட்கார வைக்கிறோம். பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அரும்பில் இருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, தன்னைவிடச் சின்னது மலரில் உட்கார்ந்து கடகடவென்று வாசிப்பது தெரியும், அந்தப் பிள்ளை வாயையே திறக்காது. அதை நான் பத்து வரி வாசிக்க வைத்துவிட்டால் அடுத்த வாரம் அதன் நடையே மாறிவிடும். பசியும் அப்படித்தான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதற்கு முன்பு பத்தரை மணிக்கு அப்படியே சாய்ந்து படுத்துவிடும் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுக்கு மூச்சுப் பயிற்சியா கொடுப்பது? எழுத்தும் சோறும் சரியாகப் போகட்டும், மனநலம் அதற்குள்ளேயே இருக்கிறது.

மதுரைஅம்மா:
நான் ஹெச்.எம். சார் பக்கம், ஆனால் காரணம் வேறு. என் மகள் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு. அங்கே வாழ்க்கைத் திறன் என்று ஏற்கெனவே ஒரு பாடம் உண்டு, தனிப் புத்தகம், தனிக் கட்டணம், கடைசியில் கிரேடு. தினமும் "இன்று நான் ... உணர்கிறேன்" என்று கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். அவள் தாத்தா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் வீட்டில் ஒருத்தருக்கும் சரியான தூக்கம் இல்லை, இவள் அழுதுகொண்டே இருந்தாள். நோட்டைப் பார்த்தால் ஐந்து நாளும் மகிழ்ச்சி, மகிழ்ச்சி, மகிழ்ச்சி. ஏன்டி என்றேன். "வேற எது எழுதினாலும் மிஸ் எல்லார் முன்னாடியும் கூப்பிட்டு விசாரிப்பாங்கம்மா" என்றாள். மனசை மறைக்கத்தான் அந்தப் பாடம் அவளுக்குப் பழக்கியிருக்கிறது.

புள்ளிவிவரம்:
ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று யாரும் தொடவில்லையே. பிரிட்டனில் பள்ளிகளில் மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ், மூச்சிலும் அந்த நொடியிலும் கவனம் வைப்பது) கொடுத்துப் பெரிய அளவில் சோதித்தார்கள், 85 பள்ளிகள், 8,000க்கும் மேற்பட்ட மாணவர்கள், 2022ல் முடிவு வந்தது. வழக்கமாகப் பள்ளியில் நடப்பதைவிட அதனால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. டெல்லி மாதிரி கண்ணை மூடி உட்கார வைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாம்வகுப்பு டீச்சர்:
அதில் இருந்தவர்கள் 11 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் சார், சோதித்ததும் மனக்கவனம் என்ற ஒரே ஒரு முறையை. அதை வைத்து ஏழு வயதுப் பிள்ளைக்கு எதையும் சொல்லித்தர வேண்டாம் என்று எப்படி முடிவு செய்வீர்கள்? 2011ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வும் வந்திருக்கிறதே, உணர்ச்சியைக் கையாளுவது, சேர்ந்து பழகுவது இவற்றைக் கற்பிக்கும் 213 திட்டங்கள், சுமார் 2,70,000 பிள்ளைகள். படிப்பிலேயே முன்னேற்றம் தெரிந்தது, நூறு பேரை மார்க் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் பிள்ளை 11 இடம் முன்னால் வருகிற அளவுக்கு. வகுப்பு ஆசிரியரே நடத்தினாலும் பலன் இருந்தது. ஆக எழுத்தா மனசா என்று ஹெச்.எம். சார் போடுகிற சண்டையே தேவையில்லாதது.

புள்ளிவிவரம்:
அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: படிப்படியாக, பிள்ளைகளைச் செய்ய வைத்து, இதற்கென்றே நேரம் ஒதுக்கி, எதைக் கற்பிக்கிறோம் என்று தெளிவாக வைத்து நடத்திய திட்டங்களில்தான் நல்ல பலன். நடைமுறையில் சொதப்பிய இடங்களில் பலன் குறைந்தது. நம்மிடம் ஒரு திட்டம் ஒன்றியத்துக்கு வந்து சேரும்போது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கறுப்புச்சட்டை:
எனக்கு இந்தப் பேச்சிலேயே ஒரு கோபம் இருக்கிறது. மூச்சை இழு, விடு, அமைதியாக இரு. எதற்கு அமைதியாக இருக்க வேண்டும்? நாங்குநேரியில் 2023ல் தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024ல் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியை எடு, பிள்ளைகள் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடுத்து நிறுத்து என்றது. கயிறு பெரிய வகுப்பில் கட்டுகிறான், ஆனால் யார் பாட்டிலில் தண்ணீர் குடிக்கக் கூடாது, யார் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பதை வீட்டிலிருந்து இரண்டாம் வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறான். ஒதுக்கப்பட்ட பிள்ளையிடம் போய் உன் உணர்ச்சியைக் கையாளு என்று சொல்வது அயோக்கியத்தனம். அந்த நேரத்தில் ஒதுக்கியவனிடம் பேசுங்கள், அவன் பெற்றோரிடம் பேசுங்கள்.

இரண்டாம்வகுப்பு டீச்சர்:
தோழர், ஒதுக்கியவனிடம் எந்த பீரியடில் பேசுவது? அதைத்தான் கேட்கிறேன். பாட்டில் சண்டை வந்தால் இன்று எல்லா ஆசிரியரும் செய்வது "சரி சரி, போய் உக்காரு", அதோடு முடிந்தது.

பள்ளிக்கவுன்சிலர்:
ஒரு விஷயத்தை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பில்லாத தொடுதல், ஒருவர் ரகசியம் காக்கச் சொன்னால் யாரிடம் போய்ச் சொல்வது, 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்), இதெல்லாம் தமிழ்ப் பாடத்துக்குள்ளேயோ சோற்றுக்குள்ளேயோ தானாக வந்துவிடாது ஹெச்.எம். சார். நேரம் ஒதுக்கி, நேரடியாக, உடல் உறுப்புகளின் பெயர் சொல்லிச் சொல்லித்தர வேண்டும், அதுவும் வருடத்துக்கு ஒரு தடவை இல்லை.

மதுரை அம்மா சொன்னது அந்தப் பள்ளியில் நடந்த தவறு. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து வீட்டுக் கதையைக் கிளறவே கூடாது. கதையில் வருகிற ஆட்டுக்குட்டிக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள், உனக்கு எப்படி இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். பேச விருப்பமில்லை என்றால் "அடுத்தவங்க" என்று சொல்ல உரிமை கொடுங்கள். கிரேடு வேண்டவே வேண்டாம். ஒரு பிள்ளை தனியாக வந்து யாராவது தப்பாக நடந்துகொண்டதாகச் சொன்னால் "நீ சொன்னது நல்லது, உன்மேல தப்பில்ல" என்று சொல்லுங்கள். துருவித் துருவி விசாரிக்காதீர்கள். தெரிந்த பிறகு புகார் கொடுக்காமல் இருப்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி குற்றம், ஹெச்.எம். ஆனாலும் ஆயா ஆனாலும்.

மதுரைஅம்மா:
இப்படி நடக்கும் என்றால் எனக்கு மறுப்பில்லை மேடம். ஆனால் பெற்றோரைக் கூப்பிட்டு முதலில் எங்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் "அழுதா அடிப்பேன்" என்று சொல்கிற அப்பாவிடம் திரும்பிப் போகிற பிள்ளை நீங்கள் சொல்லிக் கொடுத்ததை என்ன செய்யும்?

ஈராசிரியர்பள்ளி ஹெச்.எம்.:
தொடுதல் விஷயத்தில் கவுன்சிலர் மேடம் சொல்வது சரி, அதில் வாதம் இல்லை. ஆனால் தினசரி பீரியட் என்று அரசாணை வந்தால் அப்போதும் எதிர்த்துத்தான் எழுதுவேன். முதல் நாள் சுற்றறிக்கை, இரண்டாம் நாள் போட்டோ எடுத்து ஏற்று என்பார்கள், ஒரு மாதத்தில் எமிஸில் புதிதாக ஒரு கட்டம் முளைக்கும், பிள்ளை சிரிக்கிறதா என்று டிக் அடித்துக்கொண்டு இருப்போம். பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியரைக் கொடுங்கள், எழுதி ஏற்றும் வேலை ஒன்றுகூடச் சேர்க்க மாட்டோம் என்று உத்தரவு கொடுங்கள், அப்புறம் தினமும் இருபது நிமிடம் நானே எடுக்கிறேன்.

இரண்டாம்வகுப்பு டீச்சர்:
மூன்றாவது ஆசிரியர் வருகிற வரைக்கும் இப்போது இருக்கிற பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள் சார். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு கதை, அரை மணி நேரம், ஐந்து வகுப்பும் சேர்ந்து. அதற்கு யார் உத்தரவும் வேண்டாம்.

ஈராசிரியர்பள்ளி ஹெச்.எம்.:
கதை சொல்லாத வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் கிடையாது டீச்சர், அதற்கு மனநலம் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். மேடம், ஒரு கேள்வி. ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை ஒரே அறையில் உட்காருகிறார்கள். தொடுதல் பாடத்தை எப்படிப் பிரித்து எடுப்பது?

பள்ளிக்கவுன்சிலர்:
ஒன்று, இரண்டு வகுப்புக்கு மூன்று விஷயம் போதும்: உறுப்பின் பெயர், வேண்டாம் என்று சத்தமாகச் சொல்வது, நம்பி ஓடிப் போய்ச் சொல்லக்கூடிய இரண்டு பெரியவர்களின் பெயர். அதை எல்லோருக்கும் சேர்த்தே எடுக்கலாம். மூன்றிலிருந்து ஐந்து வரைக்கு ரகசியம், மிரட்டல், போன் பற்றி இன்னொரு நாள் தனியாக எடுங்கள், அந்த நேரம் சின்னவர்களை இன்னொரு ஆசிரியர் வெளியே விளையாட விடட்டும். நம்பும் பெரியவர்கள் யார் என்று பிள்ளையே முடிவு செய்யட்டும், அப்பா அம்மா என்று நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள்.