ஆர்குளோன் சிங்க் அழித்த சேலைப் படங்கள்: பேக்கப் அனுபவங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. அதன் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கடைக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியபோது, கல்லாவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த பேக்கப் ஹார்டு டிஸ்க்கும் மூழ்கியது. தளம் வெளியூர் சர்வரில் இருந்ததால் தப்பியது. இனி பேக்கப்பைக் கடையில் வைப்பதில்லை என்று முடிவெடுத்து, கோப்புகளை இணையம் வழியே சேமிக்கும் அமேசான் எஸ்3 சேவையின் மும்பை ரீஜியனில் ஒரு பக்கெட் (சேமிப்பிடம்) திறந்தேன்.

குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரான், இரவு 2 மணிக்கு வேலையைத் தொடங்கும். மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற கட்டளை, தளத்தின் டேட்டாபேஸை ஒரு கோப்பாக (டம்ப்) பிரதி எடுக்கும். அது ஓடும்போது ஆர்டர் வந்தாலும் பிரதி முரண்படாமல் இருக்க ‘சிங்கிள் டிரான்சாக்ஷன்’ என்ற தேர்வைச் சேர்த்திருந்தேன். பிறகு, கோப்புகளை இணையச் சேமிப்பிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்குளோன் மென்பொருளின் சிங்க் கட்டளை, சேலைப் படங்கள் இருக்கும் ஃபோல்டரை பக்கெட்டுக்கு அனுப்பும்.

பல மாதங்கள் குறையில்லாமல் நடந்தது. ஒரு நாள் சர்வர் ரீபூட் ஆனபோது, படங்கள் இருந்த தனி டிஸ்க் பழுதாகி மவுன்ட் ஆகவில்லை, அதாவது சர்வருடன் இணையவில்லை. அது இணைய வேண்டிய இடத்தில் வெறும் ஃபோல்டர் மட்டும் இருந்தது. சிங்க் என்பது மூலத்தில் இருப்பதைப் போலவே மறுபக்கத்தையும் ஆக்கும் கட்டளை. மூலம் காலி என்பதால் பக்கெட்டையும் காலியாக்கிவிட்டது. காலையில் ‘ஆர்குளோன் சைஸ்’ கொடுத்தபோது திரையில் கோப்புகளின் எண்ணிக்கை 0 என்று வந்தது. என் அக்கா இரண்டு ஆண்டுகளாக, முந்தானையைத் தனியாகவும் கரையைத் தனியாகவும் விரித்து எடுத்த படங்கள் அவை. எனக்குக் கை நடுங்கியது.

பக்கெட் திறந்த அன்றே, கோப்புகளின் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வெர்ஷனிங் வசதியை இயக்கியிருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. வெர்ஷனிங் இருந்தால், அழிக்கப்பட்ட கோப்பு உண்மையில் போய்விடுவதில்லை. அதன் மேல் ஓர் அழிப்புக் குறி மட்டுமே விழுகிறது. ஆர்குளோனில் ‘எஸ்3 வெர்ஷன் அட்’ என்ற தேர்வுக்கு முந்தைய நாள் மாலை நேரத்தைக் கொடுத்தேன். பக்கெட் அப்போது இருந்தபடியே தெரிந்தது. அங்கிருந்து காப்பி கட்டளையால் புதிய டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் இறக்கினேன்.

இப்போது சிங்க் ஓடுவதற்கு முன் ‘மவுன்ட்பாயின்ட்’ கட்டளையால் டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் சோதிக்கிறது. ‘மேக்ஸ் டெலீட்’ 20 என்றும் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் அழிக்க நேர்ந்தால் ஆர்குளோன் பிழை காட்டி நின்றுவிடும். பழைய வெர்ஷன்களுக்கும் சேமிப்புக் கட்டணம் உண்டு என்பதால், 90 நாள் கடந்தவை தானாக நீங்கும்படி விதி அமைத்திருக்கிறேன்.

திருவொற்றியூரிலிருந்து ஓர் உறுப்பினரின் பதில்:

வண்ணாரப்பேட்டை நண்பரே, எங்களுக்கு நேர்ந்தது வேறு வகை. எங்கள் தெருப் படிப்பகத்தின் தளம் முழுக்கத் தமிழில் இருக்கிறது. சர்வர் மாற்றிய பிறகு, பக்கெட்டில் தேதிவாரியாக இருந்த டம்ப் கோப்புகளைப் பட்டியலிட்டபோது, அவற்றின் அளவு திடீரென்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்ததைக் கண்டேன். ஒன்றை இறக்கித் திறந்தேன். கட்டுரைத் தலைப்புகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகளாக இருந்தன.

புதிய சர்வரின் அமைப்புக் கோப்பில் டம்ப் எடுக்கும் கேரக்டர் செட் (எழுத்துகளைப் பதியும் முறை), தமிழ் எழுத்துகளே இல்லாத லேட்டின்1 என்று இருந்ததே காரணம். தமிழையும் பதியக்கூடிய யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். கேள்விக்குறிக்கு 1 பைட் போதும். கட்டளை எந்தப் பிழையும் காட்டாமல், பதினொரு இரவுகள் கேள்விக்குறிகளையே சேமித்திருக்கிறது. மூல டேட்டாபேஸ் நலமாக இருந்ததால் யூடிஎஃப்-8-ஐக் குறிக்கும் ‘யூடிஎஃப்8எம்பி4’ என்ற பெயரைக் கட்டளையிலேயே குறிப்பிட்டு மறுபடி எடுத்தேன். அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறன்று, பக்கெட்டிலிருந்து ஒரு டம்பை இறக்கி, என் லேப்டாப்பில் வெற்று டேட்டாபேஸில் ஏற்றி, ஏதாவது ஒரு கட்டுரையை முழுவதும் படித்துப் பார்க்கிறேன்.